சேமிக்காத இரண்டு வரி

வாடிக்கையாளர்கள் தூங்கும் நேரம் பார்த்துத்தான் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் ரவுட்டர்களில் கை வைக்கும். நள்ளிரவு தாண்டியதும் பொறியாளர் ஒருவர் எங்கோ இருக்கும் கருவிக்குள் லாகின் செய்து இரண்டு வரி கமாண்ட் அடிப்பார். என்டர் தட்டிய நொடியே அது அமலுக்கு வந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வரியும் அப்போது இருப்பது கருவியின் தற்காலிக நினைவகத்தில்தான். கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டர்களில், இப்படி அடித்த வரிகள் சேர்ந்த அமைப்புக்கு இரண்டு பிரதிகள் உண்டு. இப்போது நடப்பில் இருப்பது ‘ரன்னிங் கான்ஃபிக்’. கருவி ஆன் ஆகும்போது எடுத்துப் படிப்பது ‘ஸ்டார்ட்அப் கான்ஃபிக்’. மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் அது இருக்கும். முதலாவதை எடுத்து இரண்டாவதாக எழுதிவைக்க ஒரு கமாண்ட் தேவை. பழகிய கைகள் அதை ‘ரைட் மெமரி’ என்று அடிக்கும். அதுவும் சுருங்கி, ‘டபிள்யூ ஆர்’ என்று இரண்டே எழுத்தாகிவிட்டது.

அந்த இரண்டு எழுத்தை மறந்தாலும் ரவுட்டர் மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஒருநாள் யுபிஎஸ் காலை வாரும். மறுபடி எழும் ரவுட்டருக்கு நடுவில் சேர்ந்த கிளை அலுவலகங்கள் எதுவும் தெரியாது. மூன்று ஆண்டுக்கு முந்தைய கணக்கில் வேலையைத் தொடங்கும். அந்த வரிகளை அடித்தவரோ அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். கருவியில் ஒரு பழுதும் இருக்காது. அதனாலேயே இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரவுட்டரில், யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் வடிகட்டியைத் திருத்துகிறார் ஒருவர். ஒரு எண் பிசகினால் அவருடைய சொந்த இணைப்பே அறுந்துவிடும். திரை உறைந்து நிற்கும். அந்த நேரத்தில், சேமிக்காமல் விட்டதுதான் அவரைக் காப்பாற்றும். விவரம் தெரிந்தவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே ‘பத்து நிமிடத்தில் ரீலோட் ஆகு’ என்று ரவுட்டருக்குச் சொல்லிவைப்பார்கள். மாட்டிக்கொண்டால் கருவி தானே ரீஸ்டார்ட் ஆகி, பழைய அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரியாக நடந்தால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பார்கள்.

ஜூனிப்பர் என்ற இன்னொரு நிறுவனத்தின் கருவிகள் இந்த ஏற்பாட்டை உள்ளேயே வைத்திருக்கின்றன. அங்கே எழுதுவதெல்லாம் முதலில் வரைவுதான். ‘கமிட்’ கொடுத்தால்தான் நடப்புக்கு வரும். ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்று கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதிசெய்ய வேண்டும். இல்லையென்றால் கருவி தானாகப் பழையபடி மாறிக்கொள்ளும். முந்தைய 49 பதிப்புகள் வரை பின்னோக்கிப் போகலாம்.

கருவிக்குள் இருக்கும் பிரதி மட்டும் போதாது. கருவியே எரிந்துபோனால் பிரதியும் சேர்ந்து போகும். ரான்சிட் என்ற மென்பொருள் ஒவ்வொரு ரவுட்டராக உள்ளே போய் அமைப்பைப் படித்துவந்து வெளியே பத்திரப்படுத்தும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் மாறிய வரிகளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பும். இந்தக் கோப்புகளைக் கண்ட இடத்தில் போட்டுவைக்கக் கூடாது. அவற்றில் கடவுச்சொற்களும் இருக்கும். சிஸ்கோவின் ‘டைப் 7’ முறையில் மறைத்த கடவுச்சொல்லை மீட்க, இணையத்தில் கிடைக்கும் சாதாரண கருவியே போதும்.

பின்வாங்கும் பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பதைக் கனடா பார்த்துவிட்டது. 2022 ஜூலை 8 அதிகாலை. அந்நாட்டின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் தன் மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. அன்று ஆறாவது கட்டம். தொடக்கத்தில் ‘அதிக ஆபத்து’ என்று குறிக்கப்பட்ட பணி, முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால் ‘குறைந்த ஆபத்து’ ஆகியிருந்தது. 4.43 மணிக்கு, விநியோக ரவுட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டியை நீக்கும் மாற்றம் புகுந்தது. அதுவரை அணை போட்டுத் தடுத்து வைத்திருந்த வழித்தடத் தகவல்கள் வெள்ளமாய்ப் பாய்ந்து, மைய ரவுட்டர்களை முடக்கிப்போட்டன.

1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மொபைலும் இல்லை, இணையமும் இல்லை. அவசர உதவிக்கு 911-ஐ அழைத்த பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. இன்டராக் டெபிட் சேவை நின்றதால் கடைகளில் கார்டு தேய்க்க முடியவில்லை.

மாற்றத்தைத் திரும்பப் பெற்றால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் ரவுட்டர்களுக்குள் நுழையப் பொறியாளர்கள் பயன்படுத்தும் நிர்வாக வலையமைப்பும் அதே மைய வலையமைப்பின் மீதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்கப் போகும் வழியும் சேர்ந்தே அறுந்துவிட்டது. ஊழியர்களின் கைபேசிகளும் ரோஜர்ஸ் இணைப்புகள்தான். ஒருவரை ஒருவர் கூப்பிடவே வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகள் தேவைப்பட்டன. பிழைப் பதிவுகளை எடுத்துப் பார்க்க முடியாததால், காரணம் அந்த வடிகட்டிதான் என்று தெரியவே சுமார் 14 மணி நேரம் ஆனது. பெரும்பாலான சேவைகள் திரும்ப ஒரு நாளுக்கு மேல் பிடித்தது.

அதற்குப் பிறகு ரோஜர்ஸ், நிர்வாக வலையமைப்பை வாடிக்கையாளர்களின் வலையமைப்பிலிருந்து தனியே பிரித்தது. மையம் மொத்தமும் படுத்தாலும் பொறியாளர் ஒருவர் ரவுட்டருக்குள் போய், நீக்கிய வரியைத் திரும்பப் போட இப்போது வேறொரு பாதை இருக்கிறது.