‘எனக்கு இருக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வது

‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்று தமிழில் சொல்ல நாம் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. அதையே ஆங்கிலத்தில் சொல்லும்போது, பட்டம் பெற்றவர்கள்கூட ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்கிறார்கள். ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்பதே சரி. இதைக் கவனக்குறைவு என்று சொல்லி மாணவர்களைக் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ் வாக்கியம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அது எங்கே ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த ‘ஹேவ்’ வசப்பட்டுவிடும்.

முதல் விலகல் அடிப்படையானது. இன்றைய பேச்சுத் தமிழில் ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல் இல்லை. பழந்தமிழில் ‘உடையேன், உடையாய், உடையான்’ என்று சொல்ல முடிந்தது. இப்போது அது ‘உடையவர்’, ‘உடைமை’ போன்ற சொற்களில் மட்டும் தங்கியிருக்கிறது. நாம் ‘எனக்கு இருக்கிறது’, ‘என்னிடம் இருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறோம். உறவு, காய்ச்சல், உரிமை என்றால் ‘எனக்கு’. பேனா, பணம், சாவி என்றால் பெரும்பாலும் ‘என்னிடம்’. அழகான வேறுபாடு இது. ஆங்கிலம் இதைப் பார்ப்பதில்லை. தம்பிக்கும் ‘ஹேவ்’, காய்ச்சலுக்கும் ‘ஹேவ்’, சாவிக்கும் ‘ஹேவ்’. அந்தச் சொல்லின் வேர் ‘பற்றிப் பிடித்தல்’ என்ற பொருள் கொண்டது. கைப்பற்றுவதைக் குறிக்கும் ‘கேப்ச்சர்’ என்ற சொல்லும் லத்தீன் வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். பிடித்திருப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும் அல்லவா? அவர்தான் ஆங்கில வாக்கியத்தின் எழுவாய்.

நம் வாக்கியத்தில் எழுவாய் யார்? ‘அப்பாவுக்கு மூன்று வீடுகள் இருக்கின்றன’ என்பதில் ‘இருக்கின்றன’ என்ற வினை வீடுகளைப் பார்த்து நிற்கிறது. அப்பா ‘கு’ உருபோடு ஓரமாக ஒதுங்கிவிடுகிறார். ஆங்கிலத்தில் அப்பா தலைமைக்கு வருகிறார், வினையும் அவரைப் பார்த்தே அமைகிறது: ‘மை ஃபாதர் ஹேஸ் த்ரீ ஹவுசஸ்’. வீடு மூன்றானாலும் முப்பதானாலும் அப்பா ஒருவர்தான், அதனால் ‘ஹேஸ்’. ‘மை பேரன்ட்ஸ் ஹேவ் ஒன் ஹவுஸ்’ என்னும்போது வீடு ஒன்றுதான், பெற்றோர் இருவர், அதனால் ‘ஹேவ்’. எனவே ‘ஹேவ்’வா ‘ஹேஸ்’ஸா என்று குழம்பும்போது பொருளை எண்ணாதீர்கள், உடையவரை எண்ணுங்கள். உடையவர் ‘ஐ’ அல்லது ‘யூ’ என்றால் ஒருவரானாலும் ‘ஹேவ்’தான். இறந்த காலத்தில் எல்லாருக்கும் ‘ஹேட்’ என்பதால் இந்தக் கவலையே இல்லை.

கேள்வியிலும் மறுப்பிலும் ஒரு சிறு தடுக்கல் உண்டு. ‘டஸ் ஹி ஹேஸ் எ பைக்?’ என்று கேட்பது தவறு. ‘ஹேஸ்’ஸின் முடிவில் ஒலிக்கும் ‘ஸ்’ ஏற்கெனவே ‘டஸ்’ஸுக்குப் போய்விட்டது. ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்ய வேண்டாம்: ‘டஸ் ஹி ஹேவ் எ பைக்?’ அதேபோல ‘ஷி டஸன்ட் ஹேவ்’, ‘தே டிடின்ட் ஹேவ்’.

இனி ‘ஹேவிங்’. ‘இருக்கிறது’ என்ற ஒரே வடிவம் தமிழில் நிலையையும் சொல்லும், இந்த நொடியில் நடப்பதையும் சொல்லும். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. ஒன்றை உடையவராக இருப்பது நிலை, அதற்கு ‘இங்’ சேராது. ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’, ‘ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றெல்லாம் வேலை விண்ணப்பங்களில் எழுதுகிறார்கள். இந்தியாவுக்குள் இது பழகிப்போன ஆங்கிலம்தான், யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். ஆனால் தேர்வுத்தாளிலும் வெளிநாட்டு நேர்காணலிலும் பிழையாகவே எண்ணப்படும். ‘ஐ ஹேவ் எ கார்’ என்றே எழுதிப் பழகுவது நல்லது.

அப்படியானால் ‘ஹேவிங்’ என்ற சொல்லே கூடாதா? கூடும். ‘ஹேவ்’ என்பது உடைமையைக் குறிக்காமல் ஒரு செயலைக் குறிக்கும்போது தாராளமாக வரலாம். ‘வி ஆர் ஹேவிங் லஞ்ச்’ என்றால் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. ‘ஹி இஸ் ஹேவிங் எ பாத்’ என்றால் குளித்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடுவதும் குளிப்பதும் தொடங்கி முடிகிற செயல்கள். தமிழில் ‘கொண்டிருக்கிறேன்’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் ‘ஹேவிங்’ பொருந்தும். ‘கார் இருந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை.

இந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும் இடமும் உண்டு. ‘அக்காவுக்கு ஒரு குழந்தை இருக்கிறது’ என்பதை ‘மை சிஸ்டர் இஸ் ஹேவிங் எ பேபி’ என்று சொன்னால், கேட்பவர் அக்கா கருவுற்றிருக்கிறார் என்று புரிந்துகொண்டு வாழ்த்துச் சொல்வார். ‘மை சிஸ்டர் ஹேஸ் எ பேபி’ என்றால்தான் குழந்தை ஏற்கெனவே மடியில் இருக்கிறது.

கட்டாயத்தைச் சொல்லும் ‘ஹேவ் டு’ நமக்கு எளிதாகவே வருகிறது: ‘ஐ ஹேவ் டு கோ’, நான் போக வேண்டும். பேசும்போது அதை ‘ஹேஃப் டு’ என்று ஒலிப்பார்கள், காது பழகினால் போதும். மறுப்பில் மட்டும் கவனம் தேவை. தமிழில் ‘நீ வர வேண்டாம்’ என்றால் சொல்லும் குரலைப் பொறுத்து ‘சிரமப்படாதே’ என்றும் ஆகும், ‘வரக் கூடாது’ என்றும் ஆகும். ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்பதில் தடை துளியும் இல்லை. வரும் கட்டாயம் இல்லை, வந்தாலும் மகிழ்ச்சி என்பதே பொருள். தடுக்க வேண்டுமானால் ‘யூ மஸ்ட் நாட் கம்’.

கடைசியாக, தமிழ் நமக்குக் கைகொடுக்கும் ஓர் இடம். ‘நான் தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன்’ என்பதன் ஆங்கிலம் ‘ஐ ஹேவ் சீன் தி தாஜ்மகால்’. உடைமைக்கு ‘இரு’ என்னும் தமிழ், முடிந்த செயலின் பயன் தொடர்வதைச் சொல்லவும் ‘பார்த்து’டன் அதே ‘இரு’வைச் சேர்க்கிறது. உடைமைக்கு ‘ஹேவ்’ என்னும் ஆங்கிலம் அதே வேலைக்கு ‘சீன்’னுடன் அதே ‘ஹேவ்’வைச் சேர்க்கிறது. இரண்டு மொழிகளும் தத்தம் உடைமைச் சொல்லையே எடுத்துக்கொள்வது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் ஒற்றுமை. ஆனால் முழுதாக நம்பிவிட முடியாது. காலையில் எழுந்து நனைந்த முற்றத்தைப் பார்த்து ‘நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘நேற்று’ போன்ற முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் இந்த ‘ஹேவ்’ உள்ளே வராது: ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’. இன்றுவரை நீளும் காலமானால் அது திரும்ப வந்துவிடும். ‘2015 முதல் இங்கே வசிக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் லிவிங் ஹியர்’ என்று தொடங்காமல், ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2015’ என்று சொல்ல வேண்டும்.