வென்ற பிரஜாவுரிமை, வெல்லாத காணி

மலையகத் தோட்டத் தொழிலாளரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1999 ஒக்டோபர் 30இல் மறைந்தார். போர்க்காலத்தில் மலையகத்தை அவர் நடத்திச் சென்ற விதம் சரியா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

குற்றச்சாட்டு கனமானது. 1972இல் செல்வநாயகத்தோடும் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தோடும் தமிழர் கூட்டணியின் தலைமையில் இருந்தவர், 1976இல் தனிநாட்டுத் தீர்மானம் வந்ததும் ஒதுங்கிக்கொண்டார். 1978இல் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1983 ஜூலையில் நுவரெலியா நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தபோதும் பதவியை விடவில்லை.

ஆனால் அவரை நம்பியிருந்த மக்களின் நிலை என்ன? 1947இல் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகத்தை 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றதாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கினார்கள். அந்த மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த தோட்டங்களில், வாக்குரிமை இல்லாமல் வாழ்ந்தவர்களுக்கு வடக்கின் பாதை திறந்திருக்கவில்லை.

தொண்டமான் அமைச்சராக இருந்துகொண்டே தன் அரசுக்கு எதிராகத் தொழிலாளரை நிறுத்தினார். 1984 வேலைநிறுத்தத்தில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. 1986 தைப்பொங்கலையொட்டிப் பிரார்த்தனை இயக்கத்துக்கு அழைத்தார்; மலைக்கு வேலைக்குப் போகாமல் கோயில்களில் கூடுவதே போராட்டம். அந்த ஆண்டே நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988 சட்டத்தின்பின் ஒரு சத்தியக்கடதாசியைக் காட்டி வாக்காளராக முடிந்தது. எரியும் நாட்டில் ஒரு துப்பாக்கியும் இல்லாமல் பெற்ற வெற்றி இது. அமைச்சரவையில் தங்கிய அவருடைய முடிவை இதற்காகவே நான் ஏற்கிறேன்.

ஏற்க முடியாதது அதற்குப் பிந்திய பதினொரு ஆண்டுகள். வாக்கு கைக்கு வந்தது. ஜயவர்த்தனவுக்குப் பின் பிரேமதாசவும் சந்திரிகாவும் அந்த வாக்கை நாடி வந்தார்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனபோது தொண்டமான் அமைச்சர். லயத்தில் வாழும் குடும்பத்துக்கு அதன் காணி உறுதியைக் கேட்டு வாங்க அதைவிட நல்ல தருணம் இருந்ததில்லை. அது நழுவியது. இன்றும் லயக் காம்பராவில் வாழ்பவர், வேலை போனால் வீடும் போகுமோ என்ற பயத்தோடுதான் வாழ்கிறார்.

துரோகி என்பவர்கள் 1988ஐ மறைக்கிறார்கள். தெய்வமாக்குபவர்கள் 1992ஐ மறைக்கிறார்கள். இரண்டாவது மறைப்பே இன்று அதிகக் கேடு செய்கிறது. அவர் படத்தை மேடையில் வைத்து வாக்குக் கேட்கும் ஒவ்வொருவரிடமும் மலையகம் காணி உறுதியைக் கேட்க வேண்டும். அவர் வாங்கித் தந்த வாக்குக்கு அந்த அதிகாரம் உண்டு.