கழுத்தில் தெரியும் இதயம்

ஈசிஜி நார்மல், எக்கோவும் நார்மல். "ஹார்ட் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிடுகிறோம். ரிப்போர்ட்டில் தவறேதும் இல்லை. ஆனால் படுத்தபடி எடுக்கும் சாதாரண எக்கோ, இதயத் தசையும் வால்வுகளும் எப்படி வேலை செய்கின்றன என்பதைத்தான் சொல்லும். அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கொரோனரி குழாய்களின் சுவரில் கொழுப்பு படியத் தொடங்கிவிட்டதா என்று கேட்டால், அதனிடம் பதில் இல்லை.

கொரோனரி குழாய்கள் தொடங்கும் இடத்திலேயே 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான். விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் பின்னால் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் துள்ளுகின்றன. எக்கோவில் பயன்படும் மீயொலிக்கு எலும்பும் ஆகாது, காற்றும் ஆகாது. ஸ்கேன் எடுக்கும்போது தோலில் சில்லென்று ஜெல் தடவுவதும் இதனால்தான். கருவிக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தால்கூட ஒலி உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும்.

கருவியின் நுனியில் இருப்பது, மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்வு பட்டால் மின்சாரம் தரும் ஒரு பொருள். இவற்றில் இரண்டாவது பண்பைப் படிகங்களில் 1880இல் கண்டறிந்தவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும். நுனியிலிருந்து கிளம்பும் ஒலி உடலுக்குள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போய், எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டுப் படம் வரைகிறது இயந்திரம். அதிர்வெண் கூடினால் படம் நுணுக்கமாகும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. நெஞ்சுக்கு நொடிக்கு 20 முதல் 40 லட்சம் அதிர்வுகள் போதும் என்று நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கழுத்தில் 70 லட்சத்துக்கு மேலே தாராளமாகப் போகலாம்.

இதயத்துக்கு இந்த ஒலி வந்த கதை ஸ்வீடனில் தொடங்குகிறது. லுண்ட் நகரத்து இதய மருத்துவர் இங்கெ எட்லருக்கு, வால்வு சுருங்கிய நோயாளிகளை அறுவை சிகிச்சைக்கு முன்பே சரியாக இனம்காண ஒரு வழி தேவைப்பட்டது. அதே ஊரில் இருந்த இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸ், மால்மோ கப்பல் கட்டும் தளத்துக்குப் போய், இரும்புத் தகட்டில் விரிசல் தேடும் மீயொலிக் கருவியைத் தம் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். எதிரொலி இதயத்தோடு சேர்ந்து அசைந்தது. சீமென்ஸிடமிருந்து அதே வகைக் கருவியொன்றை இரவல் வாங்கி, 1953 அக்டோபர் 29 அன்று இருவரும் முதல் எக்கோவைப் பதிவு செய்தார்கள்.

குழாயைப் பார்க்க முடியாவிட்டாலும் அடைப்பின் விளைவைப் பார்க்கலாம். ரத்தம் குறைந்தால் தசையின் அந்தப் பகுதி சோம்பிவிடும் என்பதை 1935லேயே அமெரிக்காவில் டென்னன்ட், விகர்ஸ் இருவரும் நாய்களில் காட்டியிருந்தார்கள். ஸ்ட்ரெஸ் எக்கோவின் அடிப்படை இதுதான். டிரெட்மில்லில் மூச்சு வாங்க நடக்கவைத்து, இறங்கியதும் இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்துக்குள் படத்தை எடுத்துவிடுவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஊசி மருந்தால் துடிப்பைக் கூட்டுவார்கள். இதயத்தின் மற்ற சுவரெல்லாம் இறுகிச் சுருங்கும்போது ஒரு துண்டு மட்டும் பின்தங்கினால், அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்மேல் சந்தேகம் விழும். பெரும்பாலும் ஈசிஜி மாறுவதற்கும் நெஞ்சு வலிப்பதற்கும் முன்பே இது தெரிந்துவிடும்.

நல்ல சோதனைதான். ஆனால் குழாய் ஏறத்தாழ பாதிக்கு மேல் சுருங்கினால்தான் ரத்தம் போதாமல் போகும். அதற்குள் நோய்க்குப் பல ஆண்டு வயதாகியிருக்கும். சிகாகோவில் கிளாகோவ் குழுவினர் இறந்தவர்களின் 136 இதயங்களை ஆராய்ந்து 1987இல் எழுதிய கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. கொழுப்பு படியப் படியக் குழாய் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. சுவருக்குள் இருக்கும் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும்வரை உள்வழி குறுகுவதே இல்லை. உள்வழியை மட்டும் காட்டும் ஆஞ்சியோவிலும் அந்தக் குழாய் நல்ல குழாயாகவே தெரியும். ஆகவே, தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டுமானால் குழாயின் சுவரையே பார்த்தாக வேண்டும்.

சுவரைப் பார்க்க வசதியான இடம் கழுத்து. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சிகரெட் எதுவுமே இதயக் குழாயை மட்டும் தேடிப்போய்க் கெடுப்பதில்லை. தாடைக்குக் கீழே விரலை வைத்தால் துடிக்கும் கரோட்டிட் தமனி, தோலுக்கு அடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் இருக்கிறது. நடுவில் எலும்பு இல்லை, காற்றும் இல்லை. முகத்தை ஒருபக்கம் திருப்பிப் படுத்தால் திரையில் கறுப்பு வாய்க்கால்போல் ரத்தம் ஓடும் பாதை தெரியும். அதன் கீழ்க்கரையில் இணையாக இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே மெல்லிய கறுப்பு. அந்த இடைவெளிதான் சுவரின் உட்பகுதித் தடிமன் என்பதை 1986இல் மிலானில் பின்யோலி குழுவினர், திசுவை நுண்ணோக்கியில் அளந்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். நல்ல குழாயில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் ரத்தம் சுழித்து ஓடும். கொழுப்பு அங்கேதான் விரும்பிப் படியும். கோடு சீராக வந்துகொண்டே இருந்து, அங்கே ஒரு சின்ன மேடாக எழும்பினால் அதுதான் பிளேக்.

வெறும் தடிமனை மட்டும் எல்லாருக்கும் அளப்பதை 2013இன் அமெரிக்க இதய நோய் வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. அளப்பவர் கை சற்று மாறினால் எண்ணும் மாறிவிடுகிறது. பிளேக் இருக்கிறதா இல்லையா என்பதுதான் உறுதியான சேதி. கழுத்து சுத்தமாக இருந்தால் இதயமும் சுத்தம் என்று சொல்லிவிடவும் முடியாது. மாட்ரிட்டில் ஒரு வங்கியின் ஊழியர்களில் 40 முதல் 54 வயதுவரை உள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது, கழுத்தில் படிவு இருந்தவர்கள் 31 சதவீதம். இடுப்பு, தொடைத் தமனிகளில் 44 சதவீதம். நெஞ்சு வலி என்றால் என்னவென்றே அறியாதவர்கள் இவர்கள். கழுத்தோடு தொடையையும் பார்த்தால் வலை அகலமாகும் என்பது என் எண்ணம்.

படத்தை எடுத்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் ஸ்வீடன்தான் பதில் தேடியது. வடக்கே வெஸ்டர்போட்டன் மாவட்டத்தில் 40, 50, 60 வயதுக்காரர்கள் 3,532 பேருக்குக் கழுத்து ஸ்கேன் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் முடிவைப் படமாக அனுப்பினார்கள். பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பட்டையில் குழாயின் வயது, பிளேக் இருந்தால் ஒரு சிவப்பு வட்டம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஒரு நர்ஸ் போனில் கூப்பிட்டு விளக்கினார். அவர்களுடைய மருத்துவருக்கும் படம் போனது. மறுபாதிக்கு அப்போது எதுவும் காட்டவில்லை. 2019இல் லான்செட் இதழில் வந்த ஓராண்டுக் கணக்குப்படி, படம் பார்த்தவர்களின் இதய நோய் ஆபத்து அளவு இறங்கியிருந்தது. பார்க்காதவர்களுக்கு ஏறியிருந்தது.