சோறு மட்டும் போதுமா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், தூத்துக்குடிக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. வருமானம் நின்றுவிடும் அந்த நாட்களில் மீனவர் வீட்டு உலையில் விழுவது ரேஷன் அரிசி. 2011 ஜூன் முதல் அது இலவசம்.

வயிறு நிரம்பும். உடம்பில் ரத்தம் ஊறுமா? 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை!

என்ன செய்யலாம்?

ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்தான். அதை வாங்காமல் விடக்கூடாது.

அரிசியில் சில மணிகள் வேறு நிறமாக இருக்கின்றனவா? "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிய வேண்டாம். அவை இரும்புச் சத்து சேர்த்த மணிகள். நூற்றுக்கு ஒன்று வீதம் கலக்கப்பட்டவை. எறிந்தால் சத்தும் போய்விடும்.

நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே சாளையும் நெத்திலியும் கரைக்கு வரும். விலை உயர்ந்த சீலா மீன்தான் சத்து என்பதில்லை. நெத்திலியை முள்ளோடு உண்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும்.

கொல்லையில் முருங்கை நிற்கிறதா? ஒரு கைப்பிடி கீரையைப் பருப்போடு சேர்த்து வேகவைத்து, எலுமிச்சம் பழம் பிழிந்து உண்ணலாம். புளிப்பு, கீரையின் இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்கும்.

எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, வெறும் சோற்றோடு எழுந்துவிடும் தாய்மார்களே! அந்தப் பருப்பிலும் மீனிலும் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.