ஒரே ஒரு பிளைவுட் ஷீட்... வீட்டிலேயே தயாராகும் பட்டறை மேசை!

பிளாஸ்டிக் நாற்காலி மேல் பலகையை வைத்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு ரம்பம் போடுவது பல வீடுகளில் நடப்பதுதான். அறுக்க அறுக்க பலகை நழுவும். இடது கை அதைப் பிடிக்கப் போகும். ரம்பம் விரலில் இறங்க அந்த ஒரு நொடி போதும். மரவேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்குபவர்கள் டிரில், கட்டர் என்று மெஷின்களை முதலில் வாங்குகிறார்கள். ஆனால், முதலில் தேவைப்படுவது அசையாத ஒரு மேசை.

திருச்சிக்கு இது தெரியாத விஷயமல்ல. நாகப்பட்டினத்தில் இருந்து இடம் மாறி வந்து 1928 முதல் இயங்கும் பொன்மலை ரயில்வே பணிமனை, 1960-களில் திருவெறும்பூர் பக்கம் வந்த பெல் நிறுவனம் எனப் பட்டறைகளால் வளர்ந்த ஊர் இது. ரிட்டயர்டு ஆன பிறகும் கை சும்மா இருக்காதவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. புத்தூர், உறையூர், தில்லைநகர் வீடுகளில் மொட்டை மாடியோ, படிக்கட்டின் அடியோ, பால்கனி மூலையோ கிடைத்தால் போதும். 4 அடிக்கு 2 அடி மேசை தாராளமாக அடங்கிவிடும்.

தரையே பட்டறை

நம் ஊர் ஆசாரிகள் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்துதான் இழைத்தார்கள். மரத்தைப் பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். கால்தான் அவர்களுக்கு வைஸ். வேலை நடக்கும் வீட்டுக்கே கருவிப் பையோடு போகிற தொழிலில், கனமான மேசையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? ஜெர்மனியில் உள்ள சால்பர்க் ரோமானியக் கோட்டையின் கிணற்றில், சுமார் 1,800 ஆண்டுகள் பழைமையான தச்சுப் பலகைகள் கிடைத்துள்ளன. அவையும் உட்காரும் பெஞ்ச் போலத் தாழ்வானவைதான். பிரான்ஸைச் சேர்ந்த தச்சர் ரூபோ 1769-ல் வெளியிடத் தொடங்கிய தச்சுநூலில் இருப்பதோ, நின்று வேலை செய்யும் கனமான மேசை. வடிவம் எதுவானாலும் அதன் வேலை ஒன்றுதான்... மரத்தை ஆடாமல் பிடிப்பது! தரையில் உட்கார்ந்து வேலை செய்து பழகாத இடுப்புக்கும் முழங்காலுக்கும் நின்று வேலை செய்யும் மேசையே வசதி.

உயரம் எவ்வளவு?

வேலையின்போது போடும் செருப்போடு நேராக நின்று, கையைத் தொங்கவிட வேண்டும். தரையில் இருந்து மணிக்கட்டு வரை உள்ள அளவே இழைப்புளி போட ஏற்ற உயரம். ஐந்தரை அடி உயரம் உள்ளவருக்கு இது சுமார் 32 அங்குலம் வரும். மேசை தாழ்ந்தால் முதுகு வலிக்கும். உயர்ந்தால் உடம்பின் பலம் இழைப்புளியில் இறங்காமல் தோள் மட்டும் உழைக்கும்.

ஒரு ஷீட், நான்கு துண்டு

8 அடிக்கு 4 அடி உள்ள 19 மி.மீ பிளைவுட் ஷீட் ஒன்றை, கடையிலேயே 4 அடிக்கு 2 அடியாக நான்கு துண்டுகள் போடச் சொல்லலாம். மூன்று துண்டுகளை மரப்பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 57 மி.மீ கனத்தில் மேல்பலகை தயார். தண்ணீர் நிரப்பிய கேன்களை மேலே அடுக்கி, ஒரு நாள் முழுக்க அழுத்தத்தில் விட வேண்டும். நான்காவது துண்டைக் கால்களுக்கு இடையே அடங்கும்படி வெட்டிக் கீழ்த்தட்டாக்கலாம். அதில் கருவிகளை அடுக்கினால் மேசைக்குக் கனமும் கூடும்.

கால்களுக்கு 3 அங்குலச் சதுரத்தில் நான்கு மரங்கள். மேசை 32 அங்குலம் என்றால், பலகையின் கனம் போகக் காலின் நீளம் 29¾ அங்குலம். இடித்த வீடுகளின் மரங்கள் விற்கும் கடையில் பழைய நிலைக்கால், உத்திரம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த மரம் எளிதில் முறுக்காது. உள்ளே பழைய ஆணி இருக்கிறதா எனக் காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டே ரம்பம் வைக்க வேண்டும். புது மரம் என்றால் வேம்பு நல்லது. பூச்சி எளிதில் அண்டாது.

ஆட்டம் வராமல் இருக்க...

கால்களை மேலும் கீழும் குறுக்குச் சட்டங்களால் இணைக்க வேண்டும். ஆணியைவிட போல்ட்-நட் மேல். ஐப்பசி மழையில் உப்பும் மரம் சித்திரை வெயிலில் சுருங்கும்போது இணைப்பு தளரும். ஸ்பேனரால் ஒரு சுற்று முடுக்கினால் சரியாகிவிடும். வாடகை வீடு மாறும்போது கழற்றியும் எடுத்துப் போகலாம். முடுக்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் சட்டம் கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

மரத்தைப் பிடிக்க, வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மேசையின் இடது முனையில், காலை ஒட்டி ஒரு வைஸ் பொருத்தலாம். அது கைக்கு அடங்காத விலை என்றால், மேசை மீது சிறு ரீப்பரைத் திருகாணியால் முடுக்கி முட்டுக் கொடுத்தாலே இழைக்கலாம். இழைக்கும் பலகையைவிட முட்டு தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழைப்புளி அதில் மோதும்.

பக்கத்து வீட்டுக்கும் காது உண்டு

அடுக்குமாடியில் உளி அடிக்கும் சத்தம் மேசைக் கால் வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கும். கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் துண்டு வைத்தால் சத்தம் குறையும். தரைத்தளம் என்றால் கரையானையும் கவனிக்க வேண்டும். மேசையைச் சுவரோடு ஒட்டாமல், மண்ணில் படாமல் டைல்ஸ் துண்டு மேல் நிறுத்துவது நல்லது.

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருக்கிறது. எனவே, வெட்டும்போதும் தேய்க்கும்போதும் மாஸ்க் கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் உளியும் பிளேடும் குழந்தைகள் கைக்கு எட்டாத பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழ வேண்டும்.

மேசையைச் செய்து முடித்ததும் கட்டில், அலமாரி என்று இறங்க வேண்டாம். முதலில் ஓர் அடிப் பலகை எடுத்து, மேலே ஒரு ரீப்பர், கீழே எதிர்முனையில் ஒரு ரீப்பர் அடித்து ஒரு முட்டுப் பலகை செய்யலாம். கீழ் ரீப்பர் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேல் ரீப்பரில் மரத்தைச் சாய்த்து அறுக்கலாம். அரை மணி நேர வேலைதான். ஆனால், இனி எந்தச் சின்னத் துண்டை அறுக்கும்போதும் விரலைக் காப்பாற்றப் போவது இதுதான்.