கரண்ட் இல்லாத மூன்று பனி இரவுகள்

குளிர்காலம் என்றால் நம்மூரில் மார்கழிக் கோலமும், தாத்தாக்களின் மப்ளரும், சுக்குக் கஷாயமும்தான் நினைவுக்கு வரும். குளிர் ஆளைக் கொல்லும் என்பது நமக்குக் கதையில் படிக்கிற சங்கதி. நானும் அப்படி நினைத்தவள்தான். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஃபோர்ட் வொர்த் பக்கம் எங்கள் குடும்பம் பட்ட பாட்டைச் சகோதரிகளுக்குச் சொன்னால் யாருக்காவது உபயோகப்படும் என்றே எழுதுகிறேன்.

டெக்ஸாஸ் வெயிலுக்குப் பேர்போன ஊர். கோடையில் நம் வேலூரே தோற்றுப் போகும். அதனால் வீடுகளும், குழாய்களும், மின் நிலையங்களும் பெருங்குளிரைத் தாங்கும்படி கட்டப்படவில்லை. அந்த வாரம் வடதுருவக் காற்று அப்படியே கீழே இறங்கிவிட்டது. 11-ஆம் தேதி ஃபோர்ட் வொர்த் நெடுஞ்சாலையில் பனிப்பாளம் வழுக்கி நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் மோதி 6 பேர் இறந்தார்கள். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை என்று தீர்மானித்தோம். வீட்டில் நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், எழுபத்து நாலு வயது மாமியார். முந்தின வருஷம் எங்களைப் பார்க்க வந்தவர், கொரோனாவால் ஊர் திரும்பும் பயணம் தள்ளிக்கொண்டே போய் எங்களோடு தங்கிவிட்டார்.

விளக்கு அணைந்தது

ஞாயிறு கழிந்து திங்கள் விடியுமுன், சுமார் இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. வீட்டை சூடாக்கும் இயந்திரமும் நின்றது, சமையல் அடுப்பும் நின்றது. எங்கள் வீட்டில் எல்லாமே மின்சாரம்தான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. டெக்ஸாஸின் மின்வலை பெரும்பாலும் தனி. அண்டை மாநிலங்களிடமிருந்து வேண்டிய அளவு மின்சாரம் வாங்க வழியில்லை. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றன. வீடுகளிலோ தேவை உச்சத்துக்குப் போயிற்று. இன்னும் ஐந்து நிமிஷத்துக்குள் மின்வலை மொத்தமும் விழுந்துவிடும் என்ற நிலையில்தான் இணைப்புகளைத் துண்டித்தார்களாம். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. மாநில அரசு கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள்.

ஒரே அறையில் எட்டுப் பேர்

திங்கள் மத்தியானம் எதிர் அபார்ட்மெண்டில் குடியிருந்த மதுரைப் பெண், இரண்டு மாதக் குழந்தையோடும் கணவரோடும் வந்து நின்றாள். "அக்கா, எங்க வீடு ஐஸ் பெட்டியா இருக்கு" என்றாள். "உள்ளே வாம்மா, ஆளுக்கு ஆள் கதகதப்புதானே" என்று அழைத்துக்கொண்டேன்.

வீட்டிலேயே சின்ன அறையாக, ஜன்னல் குறைவானதாகப் பார்த்து எல்லோரும் ஒண்டிக்கொண்டோம். ஜன்னலுக்கு ரஜாய் கட்டினோம். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தோம். மெத்தைகளைத் தரையில் போட்டோம். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய துணிகளை மூன்று நான்கு அடுக்காகப் போடுவதுதான் நல்லது. இடையில் நிற்கும் காற்று சூட்டைக் காக்கும். தலைக்குக் குல்லாய், காலுக்கு இரட்டை ஸாக்ஸ். வேர்த்தோ தண்ணீர் பட்டோ நனைந்த துணியை உடனே மாற்றிவிட வேண்டும்.

"குமுட்டி போட்டா என்ன?"

பொழுது சாய்ந்ததும் மாமியார், "பின்னாடி கரி மூட்டை கிடக்கே, ஒரு சட்டியில நெருப்பு போட்டு நடுவுல வச்சா என்ன? எங்கம்மா காலத்துல வைக்கலியா?" என்று கேட்டார். குழந்தையின் அப்பாவும் எழுந்துவிட்டார்.

"வேண்டாம் அத்தை. அது ஓட்டு வீடு, காற்று போக வழி இருந்துச்சு. இது டப்பா மாதிரி மூடின வீடு" என்றேன். மாமியாருக்கு மனசில்லை, ஆனாலும் விட்டுவிட்டார்.

கரி, மரம், பெட்ரோல், கேஸ் எது எரிந்தாலும் காற்றோட்டம் போதாத இடத்தில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று ஆரம்பித்து, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அதே வாரம் ஹூஸ்டனில், வீட்டோடு ஒட்டிய காரேஜில் காரை ஓடவிட்டதால் ஒரு தாயும் அவளுடைய சின்னப் பெண்ணும் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

நாங்கள் பார்பெக்யூ அடுப்பைத் தோட்டத்தில், சுவரை விட்டுத் தள்ளி வைத்து வெந்நீர் போட்டோம். போன் சார்ஜ் செய்யவும் காரைத் திறந்தவெளிக்குத் தள்ளி, புகைக்குழாயை மூடிய பனியை வாரிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தோம்.

நடுக்கம் நின்றபோது

இரண்டாம் இரவுதான் கொடுமை. செவ்வாய் விடியலில் எங்கள் பக்கம் வெளியே மைனஸ் 19 டிகிரி வரை இறங்கியது. மூன்று மணி இருக்கும். அதுவரை வெடவெடத்துக்கொண்டிருந்த மாமியாரின் நடுக்கம் நின்றிருந்தது. "அத்தை, இப்ப தேவலையா?" என்றால், நாக்கு குழற என் நாத்தனார் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். எனக்குத் திக்கென்றது.

உடம்பின் சூடு வழக்கமாக 37 டிகிரி. 35-க்குக் கீழே போனால் ஆபத்து. குளிர் குறையாமலே நடுக்கம் நிற்பதும், பேச்சு குழறுவதும், தூங்கி வழிவதும் மோசமான அறிகுறிகள். அவசர எண்ணுக்குப் போன் செய்தோம். வண்டி வர நேரமாகும் என்று சொல்லி, செய்ய வேண்டியதைச் சொன்னார்கள். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. மார்பு, கழுத்து, அக்குள் பக்கம்தான் முதலில் சூடு வேண்டும். பிளாஸ்க்கில் இருந்த வெந்நீரைப் பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றி அக்குளில் வைத்தேன். நானும் என் பெண்ணும் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு ஒரே ரஜாய்க்குள் படுத்தோம். நினைவு தெளிந்து விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகே சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான பாலை மெள்ள மெள்ளக் கொடுத்தேன். ஐந்து மணிக்கு மறுபடி நடுங்க ஆரம்பித்தார். அந்த நடுக்கத்தைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். விடிந்த பிறகு வந்த வண்டிக்காரர்கள் பரிசோதித்து, பயமில்லை என்றார்கள்.

பச்சைக் குழந்தைக்கு

பிறந்த குழந்தைகளுக்குப் பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. உடம்பு சில்லிட்டு, சோர்ந்து, பால் குடிக்க மறுத்தால் அசட்டையாக இருக்காதீர்கள். கன்னம் ரோஜாப்பூவாகச் சிவந்திருக்கிறதே என்றும் ஏமாறக் கூடாது. அந்தப் பெண் குழந்தையைத் தன் வெறும் மார்போடு அணைத்து, மேலே துணி போர்த்தி வைத்திருந்தாள். கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் 1978-இல் எடை குறைந்த குழந்தைகளுக்காக டாக்டர்கள் ஆரம்பித்த முறை இது. கங்காரு முறை என்கிறார்கள். தாய்க்குத் தூக்கம் வந்தால் அப்பா முறை மாற்றிக்கொண்டார். இரண்டு இரவும் அந்தக் குழந்தைதான் எங்கள் எல்லோரிலும் நிம்மதியாகத் தூங்கியது!

புதன் சாயந்திரம் கரண்ட் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் பக்கத்து வீட்டில் குழாய் வெடித்துக் கூரையிலிருந்து வெள்ளம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவிகிதம் பெருக்கும். அதனால்தான் நாங்கள் குழாய்களை நூலாகச் சொட்டவிட்டிருந்தோம். குளியல் தொட்டியிலும் முன்னதாகவே நீர் பிடித்து வைத்திருந்தோம். பிறகு சில நாள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம்.

நம் ஊரில் கவனிக்க

நமக்கென்ன பனிப்புயலா என்று இருந்துவிட வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் கதவை மூடிக் கரி நெருப்பு வைத்துக்கொண்டு தூங்கி இறந்த செய்திகள் நம் பத்திரிகைகளிலேயே வருகின்றன.

● மூடிய அறையில் கரியடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் கூடாது.

● குளியலறைக்குள் கேஸ் கெய்சர் இருந்தால் காற்றோட்டம் கட்டாயம். வெளியே மாட்டுவது உத்தமம்.

● ஒரே அறையில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால், முதலில் எல்லோரும் வெளிக்காற்றுக்கு ஓடுங்கள், பிறகு டாக்டர்.

● மலைப் பயணத்தில் வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் ஒரு கம்பளி அதிகமாகவே எடுத்துப் போங்கள்.

கம்பளி பெட்டியில் சும்மா கிடந்து திரும்பி வந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை!