முத்திரையை நம்பிய பெண்கள்

உடலுக்குள் ஒரு பொருள் – 11

2013 ஏப்ரல். பிரான்சின் துறைமுக நகரமான மார்செய்யில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. புகார் கொடுத்த பெண்கள் ஐயாயிரத்துக்கும் மேல். அத்தனை பேரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் உட்கார நீதிமன்றத்தில் இடம் போதாது என்று, ஊரின் பொருட்காட்சி வளாகத்திலேயே விசாரணையை நடத்தினார்கள். எதிர்த்தரப்பில் ஐந்து பேர். முதன்மையானவர், பி.ஐ.பி. நிறுவனத்தைத் தொடங்கிய ழான் குளோட் மாஸ். அவர் தொழிற்சாலையில் செய்த சிலிகான் இம்ப்ளான்ட்டுகள் அந்தப் பெண்களின் மார்பகங்களுக்குள் இருந்தன, அல்லது வெளியே எடுக்கப்பட்டிருந்தன.

சென்ற வாரம் அமெரிக்காவைப் பார்த்தோம். பாதுகாப்பானவை என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1992-ல் அங்கே சிலிகான் இம்ப்ளான்ட்டுகளைக் கட்டுப்படுத்தினார்கள். 2006-ல்தான் அவை பொது விற்பனைக்குத் திரும்பின. அந்த இடைக்காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளில் விற்பனை தொடர்ந்தது. பி.ஐ.பி. வளர்ந்தது அப்போதுதான்.

1991-ல், துலோன் நகரை ஒட்டிய லா செய்ன்-சுர்-மேர் என்ற கடலோர ஊரில் மாஸ் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இம்ப்ளான்ட்டின் உறைக்குள் நிரப்ப அனுமதி வாங்கியிருந்தது மருத்துவத் தரத்தில் தயாரான ஜெல்லுக்கு. ஆனால் பல ஆண்டுகளாகப் பெரும்பாலான இம்ப்ளான்ட்டுகளில் நிரப்பியது, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மலிவான சிலிகானைக் கொண்டு தாங்களே கலந்துகொண்ட ஜெல். விலை வித்தியாசம் பல மடங்கு. காகிதத்தில் ஒன்று, உறைக்குள் வேறொன்று. இப்படித் தயாரானவை அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய், சுமார் மூன்று லட்சம் பெண்களின் உடலுக்குள் வைக்கப்பட்டன. புற்றுநோயால் மார்பகத்தை இழந்து, கண்ணாடி முன் நிற்கும் தைரியத்தைத் திரும்பப் பெற நினைத்தவர்களும் அவர்களில் உண்டு.

யாரும் சோதிக்கவில்லையா? ஐரோப்பிய முறையில் மருத்துவக் கருவிக்குத் தர முத்திரை கொடுப்பது அரசு அல்ல. அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனம் ஒன்று சான்று கொடுக்கும்; அதற்கான கட்டணத்தைக் கொடுப்பவர் தயாரிப்பாளர். பி.ஐ.பி.க்குச் சான்று கொடுத்தது ஜெர்மனியின் டியூவ் ரைன்லாண்ட். அவர்களுடைய தணிக்கையாளர்கள் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். அவர்கள் வரும் நாளில் அனுமதியில்லாத சிலிகான் அங்கே கண்ணில் படாது. இத்தனைக்கும் 2000-லேயே அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் அதே தொழிற்சாலைக்கு நேரில் போய், ஜெல்லுக்குப் பதில் உப்புநீர் நிரப்பிய இம்ப்ளான்ட்டுகளின் தயாரிப்பில் குறைகளைப் பட்டியலிட்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அந்தக் கடிதம் ஐரோப்பாவில் எதையும் நிறுத்தவில்லை.

பி.ஐ.பி. இம்ப்ளான்ட்டுகள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் கிழிகின்றன என்பதை முதலில் கண்டவர்கள் அறுவை மருத்துவர்கள். புகார்கள் குவிந்த பிறகு, 2010 மார்ச்சில் பிரான்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தொழிற்சாலைக்குள் நுழைந்தது. ஆவணத்தில் இல்லாத சிலிகான் அங்கே கிடைத்தது. விற்பனை நின்றது, நிறுவனம் மூடப்பட்டது. 2011 டிசம்பரில், பிரான்சில் இவற்றை வைத்திருந்த சுமார் 30,000 பெண்களும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடலாம் என்று அரசு அறிவித்தது.

இங்கே கொஞ்சம் நின்று, உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எந்த நிறுவனத்தின் இம்ப்ளான்ட்டாக இருந்தாலும், உடல் அதை அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதைச் சுற்றி வடுத்திசுவால் ஓர் உறை கட்டும். சிலருக்கு அந்த உறை இறுகிச் சுருங்கும். மார்பகம் கல்லாகிப்போய் வலிக்கும், வடிவம் கோணும். மறு அறுவைக்கு வரும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று. அடுத்தது கிழிசல். உப்புநீர் இம்ப்ளான்ட் கிழிந்தால் சுருங்கிவிடும், உடனே தெரியும். சிலிகான் ஜெல் கெட்டியானது. கிழிந்தாலும் வடு உறைக்குள்ளேயே தங்கிவிடலாம். வலி இல்லை, வடிவ மாற்றம் இல்லை, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. சில சமயம் ஜெல் அக்குள் நிணநீர்க் கணுக்கள் வரை போய்ச் சேர்ந்து கட்டியாகத் தென்படும். இதைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

பி.ஐ.பி. பற்றி 2012-ல் இங்கிலாந்து அரசின் மருத்துவக் குழு விரிவான அறிக்கை கொடுத்தது. அந்த ஜெல் உடலில் நஞ்சாக வேலை செய்ததற்கோ, புற்றுநோய் உண்டாக்கியதற்கோ சான்று இல்லை என்றது. ஆனால் பத்து ஆண்டுகளில் மற்ற இம்ப்ளான்ட்டுகளில் 10 முதல் 14 சதவீதம் கிழிகிறது என்றால், பி.ஐ.பி.யில் அது 15 முதல் 30 சதவீதம் என்றும் சொன்னது. ஒவ்வொரு கிழிசலும் இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு தையல், இன்னொரு செலவு. கிழியாதவர்களுக்கோ ஓயாத பயம். நஞ்சு இல்லை என்பதால் மட்டும் இதையெல்லாம் சின்ன விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

மாஸுக்கு 2013 டிசம்பரில் மோசடிக் குற்றத்துக்காக நான்கு ஆண்டு சிறைத்தண்டனையும் 75,000 யூரோ அபராதமும் விதித்தார்கள். தன் ஜெல் யாருக்கும் கேடு செய்யவில்லை என்பதே அவருடைய வாதம். 2019-ல் அவர் இறந்துபோனார். தாங்களும் ஏமாற்றப்பட்டவர்களே என்று டியூவ் ரைன்லாண்ட் வாதாடியது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2021-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கும் பொறுப்பு உண்டு என்றது.

மாஸ் போன்றவர்களைப் பிடித்துவிட்டால் ஆபத்து தீர்ந்துவிடுமா? தீராது. அனுமதி பெற்றே விற்பனையான பயோசெல் இம்ப்ளான்ட்டே இதற்குச் சாட்சி. அலர்கான் நிறுவனம் தயாரித்த அதன் உறை சொரசொரப்பானது. திசு அந்தப் பரப்பைப் பற்றிக்கொள்ளும், இம்ப்ளான்ட் இடம் மாறாது என்ற நல்ல நோக்கத்தில் செய்தது. ஆனால் இம்ப்ளான்ட்டைச் சுற்றிய வடு உறையில் ஏ.எல்.சி.எல். என்ற அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோய் தென்படத் தொடங்கியது. முதல் நோயாளி பற்றிய குறிப்பு மருத்துவ இதழில் வந்தது 1997-ல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தொடர்பு இருக்கலாம் என்று எச்சரித்தது 2011-ல். பயோசெல்லைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது 2019 ஜூலையில். அதற்குள் உலகம் முழுவதும் 573 பேருக்கு இந்த நோய் வந்ததாகவும், 33 பேர் இறந்ததாகவும் பதிவாகியிருந்தது. 573-ல் 481 பேர் வைத்திருந்தவை அலர்கான் தயாரிப்புகள்.

முதல் குறிப்புக்கும் இந்த முடிவுக்கும் இடையில் 22 ஆண்டுகள். யாருக்கு, எந்த நிறுவனத்தின் எந்த வகை வைக்கப்பட்டது என்ற பதிவேடு பெரும்பாலான நாடுகளில் இல்லாததால், அபூர்வ நோய் ஒன்றை எண்ணிச் சேர்க்கவே இவ்வளவு காலம் ஆனது. ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் 2015-ல்தான் நாடு தழுவிய பதிவேடுகளைத் தொடங்கின.

இம்ப்ளான்ட் வைத்த பிறகு மூட்டுவலி, தீராத சோர்வு, மறதி என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். இதை ஒரே நோயாக மருத்துவம் இன்னும் வரையறுக்கவில்லை. இம்ப்ளான்ட்டை எடுத்த பிறகு தேறியதாகப் பலர் சொல்கிறார்கள். 2021 முதல் அமெரிக்காவில், அறுவைக்கு முன்பே இந்த அறிகுறிகளையும் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி.

இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும், வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். இது ஆயுள் முழுவதற்குமான பொருள் அல்ல; இன்னொரு அறுவை வரலாம் என்று எண்ணியே முடிவெடுங்கள். நிறுவனத்தின் பெயர், வகை, வரிசை எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சிலிகான் என்றால், ஐந்தாறு ஆண்டுகளில் ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறது எஃப்.டி.ஏ. மேமோகிராம் எடுக்கப் போனால் இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ தள்ளிப்போடாதீர்கள்; ஏ.எல்.சி.எல். ஆரம்பத்திலேயே தெரிந்தால், இம்ப்ளான்ட்டையும் வடு உறையையும் முழுதாக எடுத்தே பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடுகிறார்கள். எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் பயந்து உடனே எடுக்க ஓட வேண்டியதில்லை.

வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் அந்தந்தப் பெண்ணின் உரிமை. தன் உடலுக்குள் என்ன வைக்கிறார்கள், அதனால் என்ன வரலாம் என்று முழுதாகத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதும் அதே உரிமைதான். அதைத் தராத எந்த முத்திரையையும் நம்பாதீர்கள்.

(தொடரும்)